கலாயோகி கண்டெடுத்த ஓவியங்கள்

ஓவியம் ஒன்றை எழுதியவன் உயர்ந்தவனா, அது கேட்பாரற்றுக் கிடந்த காலத்தில் அதனை ஓவியமென்று கண்டுகொண்டவன் உயர்ந்தவனா என்று ஒருவர் வினவினால், எழுதியவனே உயர்ந்தவன் என்று விடை கூறிவிடுதல் எளிது. ஆயினும், காண்பார் இல்லாதவிடத்து எழுதியவன் கைத்திறன் என்ன ஆகும் என்பதை நம்மவர்க்கு எடுத்துக்கூற வேண்டுவதில்லை. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்ட ஏடுகளும், நெருப்பிற்கு இரையாக்கப்பட்ட ஏடுகளும் எத்தனை என்று எண்ணிச் சொல்ல இன்று ஒருவரும் இல்லை. சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களும் உ. வே. சாமிநாதையரவர்களும் எஞ்சியவற்றைத் தேடி எடுத்திராவிடின், 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையும் சீவகசிந்தாமணியும் அச்சேறித் தமிழர் கையை அடைந்திரா.

இவ்விருவரும் ஏட்டிற்குச் செய்த தொண்டை ஓவியத்திற்குச் செய்தவர் ஒருவர் ஈழநாட்டிலே பிறந்தார். அவரே கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. தில்லைக் கூத்தன் திருவுருவத்தின் உட்பொருளை மேனாட்டார்க்கு விளக்கியவர் என்ற அளவிலேயே நம்மிற் பலர் அவரை அறிவர். மாணாக்கரும் தேர்வுத்தாளில் அதனை எழுதி அமைவர். அவர் வடஇந்தியாவில் அலைந்து, பெயர் தெரியாத ஓவியர்களின் தாள்களைச் சேர்த்து, அவை ஒரு தனி மரபு என்று நிலைநாட்டிய வரலாறு அத்துணை பரவவில்லை. அதனையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

ஆனந்தர் பிறந்தது 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22ஆம் நாள், கொழும்பு நகரில். தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி. தாயார் எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கெந்து மாவட்டத்தைச் சேர்ந்தவர். முத்து குமாரசுவாமி சட்டநிரூபண சபையில் அமர்ந்து வாதாடிய பெருமகன் மட்டுமல்லர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் ஆக்கி 1863இல் வெளியிட்டவர். பாலிமொழியிலிருந்து சுத்தநிபாதத்தை மொழிபெயர்த்தவர். பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் அவருடைய சகோதரியின் மக்கள். இத்தகைய குடியிற் பிறந்தும், தந்தையின் நிழலில் வளரும் பேறு அக்குழந்தைக்கு வாய்க்கவில்லை. தாயும் மகவும் முன்னரே இங்கிலாந்து சென்றிருந்தனர். தந்தையாரும் அங்கே செல்ல இருந்தார். 1879ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் அவர் கொழும்பில் இறந்தார். இரண்டு வயதும் நிரம்பாத மகன் தமிழ் கேளாத நாட்டிலே வளரலானான்.

வைக்கிளிவ் கல்லூரியிற் பயின்றபின், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவர் கற்றது கலையன்று; நிலவியலும் தாவரவியலும். 1900இல் பட்டம் பெற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளளவைத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளராக இருந்தார். தோரியமும் யுரேனியமும் செறிந்த தோரியனைற்று என்னும் கருங்கனிமம் இவர் முயற்சியாலேயே 1904இல் உலகுக்குத் தெரியவந்தது. ஆற்றுப்படுகையிற் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகக் கிடந்த ஒன்றைக் கையிலெடுத்து, இது ஏனையவை போன்றதன்று என்று எண்ணிய கண் அது. பின்னாளில் அவர் ஓவியங்களிடையே செய்ததும் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. நிறமும் எடையும் பிளவும் கண்டு கல்லை இனம் பிரிக்கக் கற்றவர், கோடும் வண்ணமும் கண்டு ஓவியத்தை இனம் பிரித்தார். கலைக்கல்லூரியிற் பயின்றிருந்தால், ஆசிரியர் சொல்லிக்கொடுத்த பெயர்ப்பட்டியலோடு நின்றிருப்பாரோ என்னவோ.

கல்லைத் தேடிக் கண்டிச் சீமையில் அலைந்தபொழுதுதான் கைவினைஞரைக் கண்டார். அப்பொழுது அவருடன் சென்றவர் மனைவி எதெல். நிழற்படக் கருவியும் உடன் சென்றது. (அவருடைய இல்லற வாழ்வு நான்கு முறை மாறிய வரலாறு ஈண்டு வேண்டுவதன்று.) வெள்ளிவேலை செய்வோரும், பாய் நெய்வோரும், விகாரைச் சுவரில் ஓவியம் எழுதுவோரும் தம் தொழிலைக் கைவிடும் நிலையில் இருந்தனர். மான்செஸ்ரர்த் துணியும் அச்சுப்படமும் வந்து குவிய, பரம்பரையாக வந்த கைகள் வேலையற்றுப் போயின. கண்டிக்கு அண்மையில் தெகல்தொருவைக் குகை விகாரையில் 18ஆம் நூற்றாண்டில் எழுதப்பெற்ற சுவரோவியங்கள் உள்ளன. அவற்றைத் தீட்டிய தேவரகம்பொலச் சில்வத்தென்னையின் வழியில் வந்தவர்களுக்கு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வேலை கொடுப்பார் அரியராயினர்.

இதனைக் கண்டு ஆனந்தர் செய்தவை இரண்டு. ஒன்று, இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தோற்றுவித்து, தாய்மொழிக் கல்வியையும் நாட்டுடையையும் நாட்டுத்தொழிலையும் வற்புறுத்தியது. மற்றொன்று, இடைக்காலச் சிங்களக் கலை என்ற பெருநூலை எழுதியது. அந்நூல் 1908இல் வெளிவந்தது. அதனை அச்சிட்ட முறையே ஒரு வரலாறு. இங்கிலாந்தில் தாம் வாழ்ந்த ஊரிலே, வில்லியம் மொரிசு என்ற அறிஞர் முன்னர்ப் பயன்படுத்திய கையச்சுப் பொறியைக் கொண்டு, ஓராண்டுக்கு மேலாக உழைத்து 425 படிகளே அச்சிட்டார். கைத்தொழில் அழிவதை எழுதும் நூலை எந்திரத்தில் அடித்தல் தகாது என்பது அவர் கொள்கை. இக்கொள்கை எல்லார்க்கும் இயலுவதன்று; 425 பேரே வாங்கத்தக்க நூல் எத்தனை ஏழைக் கைவினைஞரைச் சென்றடையும் என்று கேட்பாரும் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும், சொன்னதைத் தாமே செய்து காட்டும் நேர்மையை அதற்காகக் குறைத்து மதிப்பிடலாகாது.

1910ஆம் ஆண்டு சனவரியில் இலண்டன் கலைக்கழகமொன்றிலே ஒரு கூட்டம் நடந்தது. இந்தியக் கலை பற்றி ஈ. பி. ஹேவல் பேசினார். தலைமை வகித்த சேர் ஜோர்ஜ் பேர்ட்வூட், இந்தியாவிலே உயர்கலை என்று ஒன்று இல்லை என்றும், தியானத்தில் அமர்ந்த புத்தர் சிலை அவித்த மாப்பண்டத்துக்கு மேலானதன்று என்றும் கூறினார். கூறியவர் இந்தியக் கைத்தொழிலை நன்கு அறிந்தவர், அதனைப் போற்றியும் எழுதியவர் என்பது வியப்பு. கைத்தொழிலை ஏற்கும் நெஞ்சு கலையை ஏற்கவில்லை. அவ்வாண்டிலேயே ஹேவலும் குமாரசுவாமியும் வேறு சிலரும் கூடி இந்தியச் சங்கம் என்ற அமைப்பை இலண்டனில் நிறுவினர். சான்று வேண்டும் என்பதை ஆனந்தர் உணர்ந்திருந்தார். சொல்லால் மறுப்பவர் பலர். ஓவியத்தைக் கொண்டுவந்து கண்முன் விரிப்பவர் வேண்டும். 1910ஆம் ஆண்டின் இறுதியிலும் 1911இன் தொடக்கத்திலும் அலகாபாத்திலே நடந்த ஐக்கிய மாகாணப் பொருட்காட்சியின் கலைப்பகுதி அவர் பொறுப்பில் விடப்பட்டது. அதன் பொருட்டும் அதனையடுத்தும் அவர் வடநாடெங்கும் சுற்றினார்.

அக்காலத்தில் இந்திய ஓவியம் என்றால் அசந்தாச் சுவர். அதன்பின் மொகலாயர் அரண்மனை. இடையே ஒன்றுமில்லை என்பதே கற்றோர் துணிபு. கடைத்தெருவில் விற்கப்பட்ட சிற்றோவியங்கள் யாவும் மொகலாயர் காலத்தன என்றே பெயர் பெற்றன. பாரசீக ஓவியத்தின் கிளை என்றும் சிலவற்றை விற்றனர். அமிர்தசரசு வியாபாரிகளோ, செம்மையும் மஞ்சளும் கொழிக்க, பெரிய தாமரைக் கண்களோடு எழுதப்பட்ட மலைநாட்டுப் படங்களுக்குத் திபெத்துப் படங்கள் என்று பெயரிட்டிருந்தனர். திபெத்துக்கும் அவற்றுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எங்கிருந்தோ மலைப்புறத்திலிருந்து வந்தன, அவ்வளவே. ஏட்டுச் சுவடியில் மேலோலை கழன்றுபோனால், உள்ளே இருப்பது புராணமோ வாகடமோ என்று அறியாது ஒரு பெயரை எழுதிக் கட்டிவைப்பதுபோல் என்க.

நான் வாழும் சிலாவத்துறைக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த நாள்களில், சிப்பிகளைப் பிளவாமல் ஆயிரம் ஆயிரமாக ஏலங்கூறி விற்பர். உள்ளே முத்து உண்டோ இல்லையோ, எடுப்பவன் அறியான். அழுகவிட்டுக் கழுவிப் பார்த்த பின்பே அவன் ஊழ் தெரியும். ஆனந்தர் ஓவியக்கட்டுகளை வாங்கிய முறை இதுபோன்றதன்று. அவர் ஒவ்வொரு சிப்பியையும் வெளியிலிருந்தே நோக்கி, இதனுள் முத்து உண்டு என்று துணிந்து எடுத்தார். வியாபாரிகளிடமும் பழங்குடும்பங்களிடமும் கிடைத்தவை வண்ணந் தீட்டி முற்றிய படங்கள் மட்டுமல்ல. ஓவியர் பட்டறையிற் கிடந்த மாதிரி வரைவுகளும், ஊசியால் துளையிட்டுப் படியெடுக்கும் தாள்களும், பாதியிற் கைவிடப்பட்ட கோடுகளுமாக இருந்தன. பிறர் கழித்த அத்தாள்களை அவர் கழிக்கவில்லை. ஓவியன் கை எவ்வாறு நடந்தது என்பதை முற்றிய படத்தைவிட முற்றாத வரைவே தெளிவாகக் காட்டும் அன்றோ?

அவர் கண்டது இது. அரசவையையும் வேட்டையையும் ஆள் உருவத்தையும் விரும்பி எழுதும் மொகலாய ஓவியத்தோடு, இக்கட்டுகளில் முற்றும் வேறான ஓர் ஓவியம் கலந்து கிடந்தது. அது கண்ணனையும் இராதையையும் எழுதியது. இராகங்களை ஆணும் பெண்ணுமாக உருவகித்து எழுதியது. கார்காலத்து மேகத்தையும், காதலன் வருகைக்குக் காத்திருக்கும் தலைவியையும், கோட்டை வாயிலில் விளக்கேற்றும் தோழியையும் எழுதியது. குறிப்பிட்ட ஒருவர் முகத்தை அன்று, எல்லார்க்கும் பொதுவான ஒரு நிலையை எழுதியது. இம்மரபிற்கு இராசபுத்திர ஓவியம் என்று பெயரிட்டு, இராசத்தானச் சமவெளியில் தோன்றியது ஒன்று, பஞ்சாபின் மலைச்சாரல்களிலே தோன்றிய பகாரி ஒன்று என இரண்டாக வகுத்தார். பகாரியையும் ஜம்மு, காங்கிரா எனப் பிரித்தார். 1912இல் கட்டுரையாகவும், 1916இல் ஒக்சுபோர்டுப் பதிப்பாக இரண்டு பெருந்தொகுதிகளிலும் இதனை வெளியிட்டார். அதன்பின் கடைக்காரரும் படத்தின் பின்புறத்தில் எழுதிவைத்த பெயரை மாற்ற வேண்டியதாயிற்று.

தமிழ் கற்றோர்க்கு இவ்வோவியங்களை விளங்கிக்கொள்ளுதல் அரிதன்று. நாயகன், நாயகி என வடமொழியார் வகுத்த நிலைகளை இவை எழுதுகின்றன. நாம் முல்லையென்றும் பாலையென்றும் பிரித்து, காலமும் இடமும் கருப்பொருளும் அமைத்து, தலைவன் தலைவியரைப் பெயர் சுட்டாது பாடும் அகத்திணை மரபும் அத்தன்மைத்தே. மாணவர்க்கு முல்லைத்திணை கற்பிக்கும்பொழுது, காங்கிரா ஓவியத்தின் அச்சுப்படி ஒன்றைக் காட்டுவது என் வழக்கம். கருமேகத்தின் கீழே வெண்கொக்குகள் பறக்க, மாடத்தில் நின்று வழிநோக்கும் அப்பெண்ணுக்குப் பெயர் என்ன என்று ஒரு மாணவனும் இதுவரை கேட்டதில்லை.

அறியப்படாத ஓவியரைத் தேடிச் சென்ற இவ்வூழ் நம் நாட்டார்க்கு மட்டும் வாய்த்ததன்று. ஆனந்தர் மறைவதற்கு ஓராண்டு முன்னர், 1946இல், மொஸ்கோ நகரிலே கிரேக்கக் குடியிற் பிறந்த ஜோர்ஜ் கொஸ்ராக்கிசு என்பவர் ஓர் ஓவியத்தைக் கண்டார். அவர் தூதரகமொன்றில் மோட்டார் வண்டி செலுத்துபவராக இருந்து, பின் கனடாத் தூதரகத்திற் பணிபுரிந்தவர், பல்கலைக்கழகம் கண்டவரல்லர். அவர் கண்டது ஒல்கா ரோசனோவா என்ற பெண் எழுதியது. மரமில்லை, மனிதரில்லை, வெள்ளை நிலத்திலே ஒரு பச்சைப் பட்டை மாத்திரம். உருவமின்றி வண்ணமும் கோடும் வடிவுமே பொருளாக எழுதும் அருவ ஓவியம் உருசியாவிலே 1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குச் சற்று முன்பின்னாகத் தழைத்தது. பின்னர் ஆட்சியாளர் அதனை வெறுத்து ஒதுக்கினர். ரோசனோவா 1918இலும், லியூபொவ் பொப்போவா என்பார் 1924இலும் இளமையிலேயே நோயால் இறந்தனர். குசுதாவ் கிளுத்சிசு 1938இற் கொல்லப்பட்டார். இவர்கள் படங்கள் பரணிலும் படுக்கையின் கீழும் கிடந்தன. தாம் அதுவரை சேர்த்த ஒல்லாந்து ஓவியங்களைக் கைவிட்டு, கொஸ்ராக்கிசு இவற்றைத் தேடலானார். ஒரு வீட்டிலே பொப்போவா மரப்பலகையில் எழுதிய ஓவியம் சாளரத்தை அடைக்கும் பலகையாக ஆணியடித்திருந்தது. வேறு பலகை தந்தாலன்றித் தாரோம் என்றனர் வீட்டார். அவர் நகருக்குத் திரும்பி, அளவான பலகை கொண்டுவந்து கொடுத்து, ஓவியத்தைப் பெற்றார். 1977இல் நாட்டைவிட்டு வெளியேற இசைவு பெறுதற்காகத் தம் சேர்க்கையின் பெரும்பகுதியை மொஸ்கோவின் திரெத்தியாக்கோவ் கூடத்துக்குக் கொடுத்துவிட்டுச் சென்றார். எஞ்சிய ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றைக் கிரேக்க அரசு 2000ஆம் ஆண்டில் வாங்கித் தெசலோனிக்கி நகரில் வைத்தது.

கொஸ்ராக்கிசு விட்டுச்சென்ற படங்களுக்குத் தாய்நாட்டிலே இடம் கிடைத்தது. ஆனந்தர் கதை அவ்வாறன்று. தாம் சேர்த்தவை இந்தியாவிலேயே நிற்றல் வேண்டும் என்பது அவர் விருப்பம். காசியிலே ஒரு தேசிய அரும்பொருளகம் கட்டுவாராயின், தம் சேர்க்கை முழுவதையும் கொடுப்பதாக அவர் முன்வந்தார். பொருளுதவி வரவில்லை. அரசரும் செல்வரும் மிக்க நாடு. தம் முன்னோரின் அரண்மனையில் எழுதப்பட்ட படங்களே அவை என்பதை அறிந்த குறுநில மன்னரும் இருந்தனர். ஒருவரும் எழவில்லை. இதற்கு ஏழ்மையைக் காரணங்கூற இயலாது என்பதே என் கருத்து. கண் இல்லை, கண் இருந்தவர்களிடம் பொருள் இல்லை.

இதற்கிடையே முதல் உலகப்போர் மூண்டது. அடிமை நாட்டார் ஆள்வோருக்காகப் போர் செய்தல் தகாது என்ற கொள்கையால் பிரித்தானியப் படையிற் சேர ஆனந்தர் மறுத்தார். அந்நாட்டில் வாழ்வு அரிதாயிற்று. அந்நிலையில் பொஸ்டன் நகரத்து டென்மன் ரொஸ் என்ற செல்வர், அவர் சேர்த்த ஓவியங்களை விலைகொடுத்து வாங்கி, அந்நகர நுண்கலை அரும்பொருளகத்துக்கு வழங்கினார். 1917இல் ஆனந்தர் அங்கேயே இந்தியக் கலைப்பகுதியின் காப்பாளராக அமர்ந்தார். ஓவியங்கள் கடல்கடந்து செல்ல, அவற்றைக் கண்டெடுத்தவரும் அவற்றின் பின்னே சென்றார். முப்பது ஆண்டுகள், இறக்கும்வரை, அப்பதவியிலேயே இருந்தார். இராசபுத்திர ஓவியங்களின் விளக்கப்பட்டியல் 1926இலும், மொகலாய ஓவியங்களினது 1930இலும் அவர் கையால் வெளிவந்தன. புதிய கலையையும் அவர் வெறுத்தவரல்லர். நிழற்படத்தைக் கலையென்று கொள்ள அரும்பொருளகங்கள் தயங்கிய நாளில், அல்பிரட் ஸ்ரீக்லிட்சு எடுத்த 27 நிழற்படங்களை 1924இலே அவ்வரும்பொருளகம் ஏற்கும்படி செய்தவர் அவரே.

பிற்காலத்தில் அவர் எண்ணம் ஓவியத்தைக் கடந்து தத்துவத்துட் புகுந்தது. வேதமும், பிளேற்றோவும், கிறித்தவ ஞானியர் நூல்களும் ஒன்றையே உரைப்பன என்று காட்டும் கட்டுரைகளை அடிக்குறிப்பு மலிய எழுதினார். அவை எளிதில் நுழைவதற்கு உரியன அல்ல. அரும்பொருளகத்திலே ஊதியம் பெறும் ஒருவர், கோயிலிலும் இல்லத்திலும் பயன்படப் படைத்த பொருளைக் கண்ணாடிப் பெட்டியுள் வைத்துக் காட்டுவது ஏன் என்று அரும்பொருளகத்தாரையே கேட்டார். ஓவியத்தை எழுதியவன் பெயரை ஆராய்வதையும் அவர் பெரிதாகக் கொள்ளவில்லை. மரபே எழுதுகிறது, கை கருவி. பெயர் எழுதாமை குறையன்று, அடக்கம் என்பது அவர் துணிபு. தம் வரலாற்றை எழுத விரும்பி விவரம் கேட்டவர்களுக்கும் இசையவில்லை. அவ்வகையில் இக்கட்டுரையும் அவர் உடன்பாட்டுக்கு உரியதன்று.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 22இல் எழுபது வயது நிறைந்தபோது நண்பர் விருந்தளித்தனர். விரைவில் பணியைத் துறந்து இந்தியா சென்று, எஞ்சிய நாளைத் தவநெறியிற் கழிக்க இருப்பதாக அவர் அங்கே அறிவித்தார். செப்டெம்பர் 9ஆம் நாள், பொஸ்டன் நகரை அடுத்த நீடம் என்னும் ஊரில், அவர் உயிர் நீத்தார். கொழும்பிலே ஒரு பெருவீதி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

பெயர் வேண்டா என்ற அவர் கொள்கையோடு நான் முற்றும் உடன்படேன். நம் சங்கநூல்களைத் தொகுத்தவர் இவ்விடத்து வேறொரு நெறி காட்டினர். பாடியவர் பெயர் மறைந்துபோனவிடத்து அவர்கள் வெற்றிடமாக விட்டாரல்லர். பாட்டில் வந்த அழகிய தொடர் ஒன்றையே புலவர்க்குப் பெயராக்கினர். செம்புலப்பெயனீரார், அணிலாடுமுன்றிலார், தேய்புரிப்பழங்கயிற்றினார் என்னும் பெயர்கள் அவ்வாறு பிறந்தவை. இவர் இன்ன ஊரினர் என்று நாம் அறியோம். ஆயினும் ஒருவர் இருந்தார், அவர்தாம் இதனைப் பாடினார் என்ற நன்றியுணர்வு அப்பெயரில் நிற்கிறது. பெயரின்மை அடக்கமாகலாம், அப்பெயரைத் தேடாமை பின்வந்தோர்க்கு அடக்கமாகாது.

அத்தேடலை மேற்கொண்டவர் பஞ்சாபைச் சேர்ந்த பி. என். கோசுவாமி என்ற பேராசிரியர். 2023இல் மறைந்த அவர், 1968இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, பகாரி ஓவியத்தை அரசு வாரியாகப் பிரிப்பதை விடுத்துக் குடும்பவாரியாகப் பிரித்தல் வேண்டும் என்று நிறுவினார். சான்று அவருக்குக் கிடைத்த இடம் வியப்புக்குரியது. அரித்துவாரத்திலே கங்கையாடச் செல்வோரின் பெயரையும் ஊரையும் முன்னோரையும் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக நீண்ட கணக்கேடுகளில் எழுதி வைப்பர். ஓவியரும் எல்லாரையும்போல் இறந்த தந்தையின் சாம்பலைக் கரைக்கக் கங்கைக்குச் சென்றவர்தாமே. அக்கணக்கேடுகளில், குலேர் என்னும் சிறிய மலைநாட்டைச் சேர்ந்த தச்சர் மரபினரான பண்டித சேவு, அவர் மக்கள் மாணக்கு, நயினசுகன் ஆகியோரின் வழிமுறையைக் கோசுவாமி கண்டார். நயினசுகன் 1763இலே தன் கையாலேயே எழுதிய பதிவு ஒன்றும் கிடைத்தது. ஓவியத்தில் அரிதாகவே எழுதிய பெயரைப் பிதிர்க்கடன் செய்யுமிடத்தில் எழுதியிருந்தான்.

இங்கே ஆனந்தர் வாங்கிய ஒரு கட்டினைக் குறிப்பிடல் வேண்டும். அது இலங்கை முற்றுகையை எழுதிய தொடர். ஏனைய சிற்றோவியங்களைப் போலன்றி இரண்டடிக்கு மேல் அகலமுள்ள பெருந்தாள்கள். இராமனும் இலக்குவனும் குரங்கும் கரடியும் சூழ ஒருபுறம் அமர்ந்திருக்க, மறுபுறம் முழுவதும் பொன்னாலான மதிலுள்ளே பத்துத் தலையும் இருபது தோளுமாக இராவணன் வீற்றிருப்பான். கம்பன் ஒற்றுக்கேள்விப் படலத்திற் பாடிய சுகசாரணர் பிடிபட்டு விடுவிக்கப்படும் நிகழ்ச்சியும் அதில் உண்டு. திருவணையின் மணற்றிட்டுகள் கிடக்கும் எங்கள் மன்னார்க் கடலையும், அதற்கு அப்பாலான இலங்கையையும், கடலினின்று பல நூறு கல் தொலைவிலுள்ள ஒரு மலைநாட்டான் எழுதியிருக்கிறான். ஆனந்தர் இதனை ஜம்மு மரபினது என்றும், பிற்கால அறிஞர் இன்று கொள்வதினும் மிகப் பழையது என்றும் கருதினார். இன்று ஆராய்ச்சியாளர் இது 1725ஆம் ஆண்டை ஒட்டிக் குலேரில் வாழ்ந்த மாணக்குவின் கைவண்ணம் என்று கொள்கின்றனர். இடமும் காலமும் மாறின. இது பெரிய கையொன்றின் வேலை என்ற தீர்ப்பு மாறவில்லை.

அத்தொடர் முற்றுப்பெறவில்லை. முதற்பகுதித் தாள்களில் பொன்னும் வண்ணமும் நிரம்பியிருக்கின்றன; பிற்பகுதி செல்லச் செல்ல வண்ணம் குறைந்து, கடைசித் தாள்களில் வெறுங்கோடுகளே எஞ்சுகின்றன. அவற்றுட் பல பொஸ்டனிலும், சில நியூயோர்க்கு மெற்றோபொலித்தன் அரும்பொருளகத்திலும் இருக்கின்றன.